முதல் சிலிண்டர்

வெள்ளவத்தை,
நவம்பர் 20

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? திருகோணமலையில் இப்போது மழையும் கொந்தளிப்புமாக இருக்கும். இங்கே கடல் தெளிந்து, சுழியோடும் பருவம் தொடங்கிவிட்டது.

கரையில் நின்று சுழியோடிகளின் சிலிண்டருக்குக் காற்று அடிப்பேன், கடலில் இறங்க மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை அதை மீறிவிட்டேன். பருவத்தின் முதல் சிலிண்டரை, காற்று அடைத்தவனே சுவாசித்துக் காட்டுவது நான் வேலை செய்யும் கடையின் வழக்கமாம்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, மீட்டரைப் பாருங்கோ" என்றேன்.

"மீட்டரா தம்பி மூச்சு விடப் போகுது? எறங்குங்க!" என்றார் முதலாளி ஷிப்லி நானா.

பதினைந்து மீற்றர் ஆழத்தில் மணல் தெளிவாகத் தெரிகிறது, அம்மா! சந்தையில் செத்துக் கிடக்கத்தான் கிளிமீனைப் பார்த்திருக்கிறோம். அது பவளப்பாறையைக் கறுக்முறுக்கென்று கடிப்பது காதில் கேட்டது! ஒரு பெரிய திருக்கை என் தலைக்கு மேலால் போனது. நான் அடைத்த காற்றில் இயந்திர எண்ணெய் மணம் துளியும் இல்லை. காது கொஞ்சம் அடைத்தது, இப்போது சரி.

மறுபடி இறங்க ஆசை. உங்கள் பதில் வரும்வரை கரையில்தான் நிற்பேன். பருவம் ஏப்ரலோடு முடியும், கெதியாக எழுதுங்கள். உங்கள் மிளகாய்த்தூளும் அனுப்புங்கள். ஏசுவதென்றால் நீளமாக ஏசுங்கள். அறையில் கதைக்க ஒருவரும் இல்லை.

வேலைக்குக் கூட்டிப்போகும் வான் வந்துவிட்டது.

மகன்,
நோபேட்