சட்டைக் கைக்கு மேல் கட்டிய பட்டை

என் தங்கத்துக்கு,

நீ விடுதிக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

லீவுக்கு வந்திருந்தபோது, “நர்சிங் காலேஜ்ல இப்பல்லாம் லெக்சரே இல்லம்மா, நாங்களேதான் படிச்சுக்கணும்” என்றாய். நானும் சொந்தமாகப் படித்தவள்தானே, நம்பினேன். ஆனால் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும்போது பட்டையைச் சட்டைக் கைக்கு மேலேயே சுற்றினாய். “ஏன்டி, சட்டைக்கும் பிரஷரா?” என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது என் தப்பு. புத்தகம் பார்த்து நானே கற்று, மூன்று வருஷம் அப்படித்தான் கட்டினேன். தப்பான எண்களைத் தேதிவாரியாக நோட்டில் எழுதினேன். வெறும் கையில்தான் கட்ட வேண்டும் என்று கிளினிக் நர்ஸ் திட்டிய பிறகே திருந்தினேன். சின்னவளாய் நீ பக்கத்தில் நின்று பார்த்தது அந்தத் தப்பைத்தான்.

இரண்டாம் வருஷத்திலும் அது உன் கையில் இருக்கிறதே! வகுப்பு இல்லையா, நீ போவதில்லையா?

அடுத்த முறை நீ பிரஷர் பார்க்கும்போது, இந்த முறை போல அப்பாவின் சட்டைக் கையை நான் மடித்துவிட மாட்டேன். நீயே மடிக்கிறாயா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா