ஏரியில் இறங்கிய பாராசூட்

மானாம்பதி காலனி,
உத்திரமேரூர் தாலுகா.
2-2-1987

அன்புள்ள மகன் ஏசுபாதத்துக்கு அம்மா மார்த்தாள் எழுதிக்கொள்வது. கர்த்தர் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் எழுந்து நடமாடிக்கொண்டு நல்லபடியாக இருக்கிறோம், அந்த மணல்காட்டில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் முழங்கால் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொங்கலுக்கு முன்னால் வந்த கடிதத்தோடு சரி, அப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ராஜஸ்தானில் நம் பட்டாளம் பெரிய பயிற்சி நடத்துகிறது, அதைப் பார்த்துப் பாகிஸ்தான்காரனும் தன் பட்டாளத்தைக் கொண்டுவந்து எதிரே நிறுத்திவிட்டான், யாருக்கும் லீவு கிடையாது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். உன் நைனா காலையில் நாஷ்டாகூட எடுக்காமல் ரேடியோ கேட்கப் போய்விடுகிறார். வந்ததும் இன்னா சொன்னான் என்று கேட்டால், "பயிற்சிதான்டி, சண்டை இல்ல, சும்மா பேஜார் பண்ணாத" என்று எரிந்து விழுகிறார், ஆனால் சோற்றில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுச் சிட்டம்மாளின் தம்பி கப்பல் படையில் இருக்கிறானே, அவன் கப்பலும் பயிற்சிக்கென்று கடலுக்குள் போய்விட்டதாம், அவளுக்கும் தகவல் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் தபால்காரர் சைக்கிளைப் பார்த்தே பொழுதைக் கழிக்கிறோம்.

போன வியாழக்கிழமை இங்கே நடந்ததைச் சொல்கிறேன், பதறாமல் படி, யாருக்கும் உயிருக்குச் சேதமில்லை. ஏரிக்குக் கீழே ஊர்த்தெருப் பெரிய வீட்டு வீராசாமி நிலத்தில் நவரைப் பட்டத்து நெல் நடவு நட்டுக்கொண்டிருந்தோம். நைனா மடை திருப்பிக்கொண்டிருந்தார், சிட்டம்மாள் ஏரிக்கரைச் சரிவில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். விமானப் படைக்காரர்கள் ஓட்டிப் பழகுகிற சின்ன விமானம் தினமும் வருவதுபோலத்தான் அன்றைக்கும் வந்தது. வேடந்தாங்கலுக்கு வந்திருக்கிற பெரிய நாரைகள் இந்த வருஷம் நம் ஏரியிலும் மேய்கின்றன, அவை கூட்டமாக எழும்பின நேரமும் விமானம் தாழ இறங்கின நேரமும் ஒன்றாகப் போய்விட்டது. படீரென்று ஒரு சத்தம். விமானம் புகையைக் கக்கிக்கொண்டு சாய்ந்தது, அதற்குள்ளிருந்து யாரோ தூக்கி எறிந்ததுபோல் ஒரு ஆள் மேலே வந்து விழுந்தான், பாராசூட் விரிந்தது. விமானம் ஏரிக்கு அப்பால் தரிசில் போய் விழுந்து எரிந்தது, நல்லவேளை அங்கே ஆடுமாடுகூட இல்லை. ஆனால் அந்த ஆள் ஏரிக்குள் இறங்கினான்.

மழை நன்றாகப் பெய்து ஏரி தளும்பி நிற்கிறது. நாங்கள் நாற்றுமுடியைப் போட்டுவிட்டுக் கரைமேல் ஏறிப் பார்த்தால், பாராசூட்டில் காற்றுப் பிடித்து அவனை முகம் குப்புற இழுத்துக்கொண்டு போகிறது. உன் நைனா வேட்டியை அவிழ்த்துக் கரையில் போட்டுவிட்டுக் குதித்துவிட்டார். கிட்டே போய்ச் சேர்ந்ததும் அந்தப் பிள்ளை பயத்தில் இவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான், இரண்டு தலையும் உள்ளே போய்விட்டது. மேலே வந்தபோது நைனா அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார், அப்புறம்தான் பிடி தளர்ந்தது. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார், பாதி தூரத்தில் பாராசூட் நனைந்து கல்லாகக் கனத்து, அதன் கயிறெல்லாம் நைனா காலிலும் சுற்றிக்கொண்டது. "வரல மார்த்தா, இழுக்குது" என்று கத்தினார். சிட்டம்மாள் கையிலிருந்த புல்லறுக்கிற அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு நான் இறங்கிவிட்டேன், என் முந்தானையைப் பிடித்தபடி அவளும் பின்னாலேயே வந்தாள். கழுத்துவரை தண்ணீர். கயிறு ஒவ்வொன்றும் லேசில் அறுபடவில்லை, கை நழுவினால் உன் நைனா தொடையில் பட்டுவிடும். அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு துணியை இறுக்கிப் பிடித்திருந்தான், வடக்கத்திப் பிள்ளை, நம் பேச்சு அவனுக்கு எங்கே புரியும், இருந்தாலும், "வுடு கண்ணு, துணிய வுட்டுடு, நாங்க கீறோம்" என்று சொல்லிக்கொண்டே அறுத்தேன், விட்டுவிட்டான்.

கரையில் போட்டுப் பார்த்தால் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. கட்டிலில் வைத்துக் கிட்டத்தில் இருந்த வீராசாமி வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனோம். வாசலில் நாங்கள் தயங்கி நின்றதைப் பார்த்து அவர் சம்சாரம் சுலோச்சனா, "இன்னா நிக்கிறீங்க, உள்ள கொண்டாங்க" என்று அதட்டினாள். அந்தக் கூடத்தில் நம் கால் பட்டது அதுதான் முதல் தடவை, சேற்றுக் காலோடு நின்றோம். அவர்கள் குடிக்கிற டம்ளரிலேயே எனக்குக் காபி கொடுத்தாள். நாளைக்கு எப்படி இருப்பார்களோ, அன்றைக்கு அப்படி இருந்தார்கள்.

அப்புறம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. வந்தவர்களில் வேலூர்க்காரர் ஒருவர் இருந்தார், காலுக்குக் கட்டை வைத்துக் கட்டியதும் அவர்தான். தூக்கும்போது அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ கெஞ்சினான். என்ன சொல்கிறான் என்று வேலூர்க்காரரைக் கேட்டேன். "வூட்டுக்குத் தந்தி அடிக்க வாணாமாம். அம்மா பயந்துடுவாங்களாம். பயிற்சி நல்லா போய்க்கினு கீதுன்னு தானே எழுதிக்கிறாராம்" என்றார். அதுவரைக்கும் அழாமல் இருந்தவள் அங்கே நின்று அழுதேன், எல்லாரும் அந்தப் பிள்ளைக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

நீயும் எனக்கு அதைத்தானே எழுதுகிறாய். போன ஈஸ்டருக்கு வந்தபோது உன் வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை, கேட்டதற்குப் பந்து விளையாடும்போது பட்டது என்றாய். பந்து பட்டுத் தோல் வெந்துபோகுமா? நைனா எதிரில் கேட்கவேண்டாம் என்று சும்மா இருந்தேன். நீ வேலை பார்க்கிற டாங்கிக்குள் என்ன நடந்தது என்று இன்றுவரை நீ சொல்லவில்லை. இனிமேல் அப்படி எழுதாதே. பயிற்சியில் அடிபட்டால் அடிபட்டது என்று எழுது, பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று எழுது. இங்கே ஒன்றும் தெரியாமல் ரேடியோவைக் கேட்டுக்கொண்டு நானாக நினைத்துக்கொள்வதுதான் எனக்குத் தாங்கவில்லை, உண்மை எதுவானாலும் தாங்குவேன்.

அந்தப் பிள்ளைக்கு ஆபரேஷன் ஆகி எழுந்து உட்காருகிறான் என்று விமானப் படையிலிருந்து நேற்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். நைனாவுக்குக் கழுத்து வீக்கம் வடிந்துவிட்டது, இருமல் மட்டும் இருக்கிறது. டாங்கி மூடியைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உள்ளே இருக்காதே, ஆபீசர் உத்தரவு கொடுக்கும்போதெல்லாம் வெளியே வந்து காற்று வாங்கு என்று எழுதச் சொன்னார். குளிருக்குக் காதை மூடிக்கொள். கர்த்தர் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாற்றட்டும். கடிதம் கிடைத்ததும் இடது கையாலாவது நாலு வரி எழுதிப் போடு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா, வே. மார்த்தாள்