பழைய தட்டு உடையாது என்றேன்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நீ போனில் கேட்டதற்குப் இதில் பதில் எழுதுகிறேன்.

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கும் நீதான் கேட்டாய். "உலைப்பானை ஆடுச்சு தம்பி. கடலுக்கு ஏதும் ஆகுமா?" நான் யோசிக்கக்கூட இல்லை. சுமத்ராவில் நிலநடுக்கம், அங்கே கடலடிப் பாறைத் தட்டு பழசு, இன்னொரு தட்டுக்குக் கீழே மெதுவாகத்தான் நுழைகிறது, அப்படிப்பட்ட இடம் பெரிதாக உடையாது என்றேன். நிலநடுக்கப் பாடத்தில் நாங்கள் படித்தது அப்படித்தான். கரையில் இருந்த அத்தானுக்குச் சோற்றுத்தூக்கைக் கொடுத்து வர நம் பிள்ளை அமிர்தத்தை அனுப்பினாய். கடல் ஊருக்குள் வந்தபோது மணி ஒன்பது.

அந்தத் தட்டு ஏன் அவ்வளவு நீளத்துக்கு உடைந்தது என்று இங்கே ஆய்வுக்கூடத்தில் தினமும் கூடிப் பேசுகிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. பழைய விதியைப் பாடத்திலிருந்து எடுத்துவிடலாம் என்றார் ஒருவர், டீ குடித்துக்கொண்டே.

இரண்டு மாதமாக அத்தான், அமிர்தம் இருவர் பேச்சையும் நீ எடுக்கவில்லை. நேற்று கேட்டாய்: "உள்ளே வயல் பக்கம் சர்க்கார்ல மனை தர்றாங்க. கரையிலேயே இருந்துடவா? இனிமே வராதுல்ல? நீ சொன்னா சரி தம்பி."

என்னிடமே கேட்கிறாய்.

எனக்குத் தெரியாது அக்கா. அன்றைக்கும் தெரியாது.

மனையை வாங்கிக்கொள்.

உன் தம்பி