துள்ளாத புழுக்கள்

அன்பு மருமகளே,

நேற்றிலிருந்து நீ கதவைத் திறக்காததால், ஏழுலகும் அஞ்சும் உன் தாய்மாமனாகிய நான் இதைக் கதவிடுக்கில் தள்ளுகிறேன்.

வயிற்றுப்பூச்சி மருந்துக்காக நீ எடுத்த இலைச்சாற்றில், வயிற்றுப்பூச்சிக்குப் பதிலாகச் சோதனைக்கு விட்ட மண்புழுக்கள் சாகாமல் கும்மாளமடித்ததால், ஆராய்ச்சியையே விடப்போகிறாயாமே? இன்று உன் ஆய்வகத் தோழி, வெயிலில் வீரியம் போயிருக்கும் என்று நீ காயவைத்த இலையை ஒதுக்கிவிட்டு, என் கண்ணெதிரே நிழலில் உலர்த்திய இலையில் சாறெடுத்தாள். வெறும் தண்ணீரில் விட்ட புழுக்கள் நெளிந்தன. சாற்றில் விட்டவை ஓய்ந்தன.

"தூங்குதோ என்னவோம்மா?" என்றேன்.

"வெதுவெதுப்பான தண்ணியில போட்டா தெரிஞ்சிடும் மாமா. உயிர் இருந்தா துள்ளும்."

துள்ளவில்லை. துள்ளியது நான்தான், பூமி ஒரு முழம் நகர்ந்ததை நீயே உணர்ந்திருப்பாய்.

"அவ கையால மறுபடி செஞ்சாதான் அவளுக்கு நம்பிக்கை வரும், கூட்டிட்டு வாங்க" என்கிறாள்.

வண்டியைக் கிளப்பிவிட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வா, கண்ணு.

இப்படிக்கு,
அண்டசராசரத்தின் ஒரே தேரோட்டி,
உன் மாமன்