பார்பரம்மாவும் நீ கடைசியாகச் சொன்னதும்

இன்று காலை கூடத்தில் மெழுகுவர்த்தி வாசம். அப்பா பார்பரம்மா படத்துக்கு முன்னால் ஏற்றி வைத்திருந்தார். நம் வீட்டில் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற அதே கிறிஸ்தவப் புனிதைதான். தங்கச் சுரங்கம் மூடி எவ்வளவோ காலமாகியும், பாறைக்கு வெடி வைத்த மனிதர் அந்த அம்மாவின் திருநாளை மறப்பதில்லை. அந்த வாசத்தில் உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது.

கல்யாணமாகி வந்த புதிதில் நீ அந்தப் படத்தைப் பார்த்து, "இவங்க எங்க ஆளாச்சே மாமா, இங்க இன்னா பண்றாங்க?" என்றாய்.

"வெடிக்காரனுக்கெல்லாம் இந்தம்மாதான் தொணை. பின்னாடி பாரு, நம்ம நந்திதுர்க் ஷாஃப்டு" என்றார் அப்பா.

அது சுரங்கக் குழிக்கு மேல் நிற்கிற ஷாஃப்ட் இல்லை, கோபுரம். பெற்ற தகப்பனே அவளை அதில் அடைத்துவைத்து, பிறகு தலையை வெட்டினான், அவன் மேல் இடி விழுந்தது என்று நீ கதையைச் சொன்னாய். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உடனே நீ, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் அல்லவா, "ஆனா மாமா, கூட இருந்து பாத்தவங்க யாரும் எழுதல. பல நூறு வருஷம் கழிச்சிதான் இந்தக் கதை வருது. எந்த ஊருன்னே ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றாய்.

"அப்போ இந்தம்மா இல்லவே இல்லன்றியா?"

"இல்லன்னு சொல்லல. தெரியலன்னு சொல்றேன்."

"தெரியாமயா தெனமும் கும்பிட்டுட்டு சுரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்கனேன்?"

"நீங்க கும்பிட்டது ஹிஸ்டரி மாமா. அதுக்கு நீங்களே சாட்சி."

அன்று அப்பா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

நீ போனபின் எனக்கு அழுகையே வரவில்லை. ரயிலேறி பெங்களூருக்குப் போகிறேன், பழுதான மெஷின்களைச் சரிசெய்கிறேன், திரும்பி வருகிறேன். இதற்கிடையே உன் அக்கா, நீ கடைசி மூச்சுவரை ஜெபம் சொன்னதாகவும் உன் முகத்தில் வெளிச்சம் வந்ததாகவும் சொல்ல ஆரம்பித்தாள். அவள் அங்கே இல்லை. அவளுக்கு ஆறுதலாக இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நம் பெண் கேட்டாள்: "அம்மா மூஞ்சில வெளிச்சம் வந்துச்சாமே, நீ பாத்தியாப்பா?"

நான் தலையாட்டியிருந்தால் அவளுக்கு ஒரு புனிதை கிடைத்திருப்பாள். நீ கிடைத்திருக்க மாட்டாய்.

"ஆம்புலன்ஸ் லைட்டுதான் இருந்துச்சி" என்றேன். "கோலார் ஆஸ்பத்திரிக்குப் போற வழியில அம்மா என் கையப் புடிச்சி, 'மேகம் கட்டுது, மாடியில துணி கெடக்குது, யாரையாவது எடுக்கச் சொல்லுங்க'ன்னு சொல்லிச்சி. அதுக்கப்புறம் பேசல."

"ஜெபம் சொல்லலியா?"

"மனசுக்குள்ள சொல்லிச்சா, தெரியாது. எனக்குக் கேட்டது துணிதான்."

"அது அம்மாதான்" என்றாள். சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும்.

இப்போதெல்லாம் வானம் கறுத்தால் அவள்தான் முதலில் மாடிக்கு ஓடுகிறாள். கொடி எட்டாது. நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் போடுகிறேன். நிறைய நாள் மழை வருவதில்லை. ஆனாலும் எடுத்துவிடுகிறோம்.