பானெட்டில் இரண்டு தட்டு

மதுரை
12.6.2025

அன்புள்ள உதயா மச்சானுக்கு,

ஜெர்சன் எழுதிக்கொள்வது. தேவன் கிருபையால் இங்கே நானும் ஜெரூஷாவும் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது.

உன் போன் இரண்டு மாதமாக அணைந்தே கிடக்கிறது. உன் வீட்டுக்காரி தர்ஷினியிடம் பேசினேன். “அவரு யாராண்டயும் பேச மாட்டேங்கறாரு அண்ணா. கால் எப்டி கீதுன்னு யாராவது கேட்டாலே எரிஞ்சு விழறாரு. நீங்க வேணா ஒரு லெட்டர் போட்டுப் பாருங்க” என்றாள். பத்தாம் வகுப்பில் தலைமையாசிரியருக்கு ‘கடும் காய்ச்சல் காரணமாக’ என்று நாம் இருவரும் ஒரே நாளில் எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே, அதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான்.

நம் ஜீப் சிங்கத்தை நீ விற்கப் போவதாகவும் தர்ஷினி சொன்னாள். வேண்டாம்டா. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, பக்தவச்சலம் சாருடைய கம்பெனிக் கொட்டகையில் அதை முதன்முதலில் பார்த்தபோது டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. “இன்னும் எட்டு நாள்ல குஞ்சு பொரிச்சிடும், அப்புறமா எடுத்துக்கோங்க” என்றார் அவர். நீயும் மரியாதையாக எட்டு நாள் காத்திருந்தாய். தரை துருப்பிடித்து, ஆக்சிலேட்டரை மிதித்தால் கால் ரோட்டில் படும் நிலையில் இருந்த ஜீப். அதை ஒன்றரை வருஷத்தில் மலை ஏறும் வண்டியாக்கினாய். நான் என்ன செய்தேன்? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு பெருங்களத்தூர் ஷெட்டுக்கு வந்து டார்ச் பிடித்தேன். இனிமேல் துவைக்க மாட்டேன் என்று ஜெரூஷா எனக்குக் கறுப்புச் சட்டை வாங்கிக் கொடுத்தாள்.

எங்களுக்காகவாவது அதை வைத்திரு. பதில் போடு.

உன் மச்சான்,
ஜெர்சன்

அனகாபுத்தூர்
24.6.2025

டேய் ஜெர்சன்,

உன் கடிதத்தைப் போஸ்ட்மேன் அம்மாவிடம் கொடுத்தார். “கோர்ட்டுலேர்ந்து இன்னாவோ வந்துகீதுடா, நெலத்து விசயமா இருக்கும்” என்று சாமி மாடத்தில் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் என்னிடம் தந்தாள். கிளியம்மாளை நீ அறிவாய். வண்டியின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தவள், உன் அம்மா ரத்தினபாய் ஜெபம் பண்ணும்போது கண்ணை மூடி அதற்கும் கை கூப்பினாளே.

புதுக் கால் போட்டாச்சு. “முழங்காலுக்குக் கீழேதான் போயிருக்கு, பாதி அதிர்ஷ்டம்” என்றார் டாக்டர். மீதி எங்கே சார் என்று நான் கேட்கவில்லை.

ஷெட்டை இன்னும் திறக்கவில்லை. ஷெட் பையன் தயாளன் ஒரு பார்ட்டியைக் கூட்டி வந்தான். சிங்கம் மாதிரியே ஒரு பழைய ஜீப்பைத் தேற்றித் தர வேண்டுமாம். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஸ்பேனரைத் தொட்டால் அந்தக் குவாரிச் சரிவு காதில் கேட்கிறது. இன்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் இழுக்கவில்லை.

இத்தனை மாதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். கோவளத்து மணலில் முதல் தடவை சிக்கினோமே, அப்போது தப்பு நம்முடையது. முன்சக்கரத்து ஹப் இரண்டையும் இறங்கிப் போய்க் கையால் திருப்பிப் பூட்டினால்தான் முன்சக்கரம் இழுக்கும் என்பதையே மறந்து மணலில் விட்டோம். “இன்னா சார், நாலு வீலும் இழுக்கும்னே, நாப்பது பேரு தள்ளணும் போல கீதே” என்று மீன்காரர்கள் சிரித்தார்கள். அன்றைக்குப் போட்ட சட்டம்தான்: இறங்குகிறவன் இடது ஹப்பைத் திருப்பிவிட்டு பானெட்டில் ஒரு தட்டு, வலது ஹப்பைத் திருப்பிவிட்டு ஒரு தட்டு. இரண்டாவது தட்டு விழாமல் நான் கிளட்ச்சிலிருந்து காலை எடுக்க மாட்டேன். நீ ஒரு நாளும் தவறியதில்லை.

காணும் பொங்கல் அன்றைக்குக் குவாரியிலும் தட்டினாய். மறுநாள் கிரேன்காரரும் இரண்டும் பூட்டித்தான் இருந்தது என்றார். அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது? முன்சக்கரத்துக்கு இழுவை தருகிற, நான் பிரித்துக் கோத்த சின்ன கியர்பெட்டிதான். தெரிந்த ஆளிடம் கொடு என்று நீ சொன்னாய். எனக்குத் தெரியாததா என்று நான் திமிராகச் சொன்னேன். அதுதான் பாதிச் சரிவில் நழுவி வண்டியை உருட்டிவிட்டது.

நீ மேலே நின்று வழி காட்டிக்கொண்டிருந்தாய், பிழைத்தாய். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால்? ஜெரூஷா முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்? இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் போனையே அணைத்து வைத்தேன். என் கை வேலையால் உன்னைக் கொல்லப் பார்த்தேன், மச்சான். மன்னித்துவிடுடா.

உன்,
உதயா

மதுரை
3.7.2025

அன்புள்ள உதயா,

உன் கடிதத்தை ஆபீஸில் படித்தேன். மீதி நாள் வேலை ஓடவில்லை. பாலிசி எண்ணைத் தப்பாக எழுதி இரண்டு பேரிடம் திட்டு வாங்கினேன்.

என்னிடம் போய் மன்னிப்புக் கேட்காதே. அந்த வார்த்தையை இனி எழுதவே எழுதாதே. அது செம்மண் சரிவு, இரண்டு நாள் முன்னால் மழை வேறு பெய்திருந்தது. மண் பிடித்திருக்காது. எந்த வண்டியாக இருந்தாலும் சறுக்கியிருக்கும்.

ஒன்று செய். அந்தப் பெட்டியை ஒரே ஒரு தடவை திறந்து பார். உன் வேலையில் குறை இருக்காது. எனக்குத் தெரியும்.

மேலே இரண்டு வரி அடித்திருக்கிறேன், கண்டுகொள்ளாதே. பேனா சரியில்லை.

அம்மா உனக்காகத் தினமும் ஜெபிக்கிறாள்.

ஜெர்சன்

அனகாபுத்தூர்
21.7.2025

டேய் மச்சான்,

நீ அடித்த இரண்டு வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தர்ஷினியும் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. எழுதியதை அடிக்கிற கஞ்சத்தனம் உனக்கு எதற்கு, வேறு தாள் எடுக்கக் கூடாதா?

மண் சரியில்லை என்கிறாய். அதைவிட மோசமான மண்ணில் நாம் ஏறியிருக்கிறோம். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறாய், புரிகிறது. நல்லவன்டா நீ.

பெட்டியைத் திறக்க மாட்டேன். இப்போதாவது கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. திறந்து பார்த்து, என் கைதான் என்று கண்ணால் கண்டுவிட்டால் அப்புறம் எதை நம்பி இருப்பேன்? பதினாறு வயதிலிருந்து எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான்.

பல்லாவரத்தில் உதிரிபாகக் கடை ஒன்றில் பில் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாற்காலி, மின்விசிறி, மூன்று மணிக்கு டீ. ஸ்பேனர் பெட்டியைத் தயாளனிடம் கொடுத்துவிட்டேன். அவன் வாங்கிக்கொள்ளாமல் நின்றான். “அண்ணா, இது உன் கைக்குத்தான் பேசும்” என்றான். நான்தான் அவன் வண்டியில் தூக்கி வைத்தேன்.

சிங்கத்தை முழுசாக யாருக்கும் விற்க மனசு வரவில்லை. அதே கியர்பெட்டியோடு இன்னொருவன் மலை ஏறினால்? இரும்புலியூர் பழைய இரும்புக் கடை சம்பந்தம் ஆகஸ்ட் இரண்டாம் தேதி சனிக்கிழமை கேஸ் கட்டரோடு வருகிறார். வெட்டி எடுத்துப் போகட்டும். பாதி உன் வண்டி. உனக்கு ஏதாவது வேண்டுமானால் எழுது, எடுத்து வைக்கிறேன். ஸ்டீயரிங் வேண்டுமா?

ஜெரூஷாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
உதயா

மதுரை
30.7.2025
விரைவுத் தபால்

உதயா,

உட்கார்ந்து படி.

அன்றைக்கு நான் ஒரு ஹப்பைத்தான் திருப்பினேன்.

இடது பக்கம் திருப்பிவிட்டு நிமிர்ந்தபோது ஜெரூஷா கூப்பிட்டாள். சாயங்காலம் பாடகர் குழுப் பயிற்சிக்கு வந்துவிடுவீர்களா என்று கேட்டாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்தேன். வருகிற வழியில் பழக்கத்தில் என் கை பானெட்டில் இரண்டு தடவை தட்டியது. பேசிக்கொண்டே மேலே ஏறிப் போய்விட்டேன். நீ தட்டை நம்பி வண்டியை எடுத்தாய். ஒரு பக்கம் பூட்டாமல் போனால் முன்சக்கரம் இரண்டுமே இழுக்காது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான்.

இதுவரை சொன்னது மறதி. அடுத்ததை மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மறுநாள் காலை நீ ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் இருந்தாய். கிரேனோடு நான் குவாரிக்குப் போனேன். வண்டியை நிமிர்த்தியபோது வலது ஹப் திறந்தே இருந்தது. கிரேன்காரர் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் குனிந்து, சேற்றை விரலால் வழித்துவிட்டு, அதைப் பூட்டும் பக்கம் திருப்பினேன். பிறகு அவரைக் கூப்பிட்டு, “பாருங்க சார், ரெண்டும் பூட்டித்தான் இருக்கு” என்று காட்டினேன். அவர் உன்னிடம் சொன்ன சாட்சி அப்படி வந்ததுதான்.

கண் விழித்ததும் நீ முதலில் கேட்டது உன் காலைப் பற்றி அல்ல. “வண்டி ஏன்டா இழுக்கல?” என்றாய். தெரியல மச்சான் என்றேன். “அந்தப் பெட்டிதான்டா, என் வேலைதான்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாய். நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஆபீஸில் என்னை மதுரைக்கு யாரும் மாற்றவில்லை. நான் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கினேன். ஆறு மாதமாகச் சர்ச்சில் திருவிருந்து அன்றைக்கு அப்பமும் ரசமும் வாங்க முன்னால் போகாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜெரூஷா கேட்டால் வயிற்றில் அசிடிட்டி என்கிறேன். அவளுக்கும் நேற்றுத்தான் சொன்னேன். அவள் இந்தத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு நான் மண்ணைக் குறை சொல்லிப் பதில் போட்டேன். அடித்த இரண்டு வரியில் உண்மை இருந்தது.

சம்பந்தத்தைத் திருப்பி அனுப்பு. பெட்டியைத் திற. என்னை என்ன வேண்டுமானாலும் செய், ஆனால் அந்தக் கடை நாற்காலியில் போய் உட்காராதே. தர்ஷினி எண்ணைப் போட்டு, மணி அடிக்கும் முன்னால் இரண்டு தடவை துண்டித்துவிட்டேன். அவ்வளவு கோழை.

ஜெர்சன்

அனகாபுத்தூர்
12.8.2025

ஜெர்சனுக்கு,

உன் கடிதம் ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் வந்தது.

சனிக்கிழமை சம்பந்தம் வந்தார். டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். “இன்னா உதயா இது, ஆளையும் வண்டியையும் இட்டுகினு வந்தா இல்லேன்றியே, பேஜாரா பூட்ச்சே” என்று வாசலில் நின்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தயாளனை வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். பல் ஒன்றுகூட உடையவில்லை. நான் மாட்டிய இடத்தில் மாட்டியபடி அப்படியே இருந்தது. ஆயில்கூடக் கறுக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். கால் வலிக்கிறதோ என்று தர்ஷினி ஓடி வந்தாள். என் கை தப்புப் பண்ணலைம்மா என்று அவளிடம் சொன்னேன். அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் திருநீறு பூசிவிட்டாள்.

காலுக்காக உன் மேல் கோபம் இல்லை. போன் வந்தது, மறந்துவிட்டாய். ஆயில் போல்ட்டை முடுக்காமல் அனுப்பி ஒருத்தர் இன்ஜினையே நான் காலி பண்ணியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சொல்லியிருந்தால் வாய் வலிக்கும்வரை உன்னைத் திட்டியிருப்பேன். திட்டி முடித்துவிட்டு, அடுத்த சாத்துக்குடியை உரிடா என்றிருப்பேன்.

ஆனால் நீ பார்த்துக்கொண்டிருந்தாய். ஆறு மாதம் என் கையை நானே யாரோ ஒருத்தன் கை மாதிரிப் பார்த்தேன். மன்னித்துவிடு என்று உனக்கு எழுதினேன். நல்லவன்டா நீ என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டும் நீ நாள் கணக்கில் சும்மா இருந்தாய். அந்த இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டேன்.

பல்லாவரம் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஷெட்டைத் திறந்தாச்சு. தயாளன் ஸ்பேனர் பெட்டியைத் திறக்காமலேயே வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தான். அவன் கூட்டி வந்த பார்ட்டியின் ஜீப்தான் முதல் வேலை. சிங்கத்துக்கு ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் கையால் இயக்குகிற மாதிரி மாற்ற வேண்டும். முறைப்படி அனுமதி வாங்கித்தான் ஓட்ட முடியும், நாளாகும்.

முன்சக்கரத்து ஹப் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டேன். அந்த இடத்தில் கெட்டித் தகடு போட்டு நிரந்தரமாக இணைத்தாச்சு. டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும், ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும். பரவாயில்லை. இனிமேல் யாரும் இறங்க வேண்டாம், யாரும் தட்ட வேண்டாம்.

நீ திருவிருந்துக்குப் போ. அதைத் தடுக்க நான் யார்? ஜெரூஷாவுக்கு என் நன்றியைச் சொல்.

“ஜெர்சன் தம்பி ஏன்டா வரதே இல்ல?” என்று அம்மா கேட்கிறாள். மதுரை தூரம்மா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வண்டியின் இன்னொரு சாவி உன்னிடம் இருக்கிறது. கூரியரில் அனுப்பு. நேரில் கொண்டு வராதே.

இப்படிக்கு,
ச. உதயகுமார்