கூடையை மூடி வை

பூங்கோதை,

ரசம் மூடி வச்சிருக்கறேன், சுட வச்சுக்க. சாவி மீட்டர் பொட்டி மேல இருக்குது. நான் சூளைக்குப் போறேன், இன்னிக்கு ரெண்டு ஷிப்ட்டு.

கூடையில இருக்கற கர்ணப்புறாவ வெளிய வுடாத. அதுவும் நேத்து காலையில மாடித் தரையில வந்து மோதிடுச்சு. பறந்தா குட்டிக்கர்ணம் அடிக்குது, அடிக்க ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியல. இதோட நாலு. எங்கப்பா வளத்த புறா வம்சத்துல வேற ரத்தம் கலக்கக் கூடாதுன்னு அண்ணன் தங்கச்சியயே ஜோடி சேத்தேன். நீ வேணாம்னுதான் சொன்ன.

ஸ்ரீமுஷ்ணத்துலேருந்து ஒருத்தர் குஞ்சு கேட்டு வருவாரு. டீ குடு. இனிமே இந்த வம்சத்துல குஞ்சு எடுக்கலன்னு சொல்லிடு.

நம்ம பொண்ணு அன்பு முழுகாம இருக்கான்னு நேத்து சாயந்தரம் போன் வந்தப்ப, நான் பாட்டுக்கு மாடிக்குப் போயிட்டேன்னு திட்டுன. எங்க அக்கா மவனுக்குத்தான் அவளக் கட்டிக் குடுப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னவன் நான். "நாம கட்டுனதே சொந்தத்துல, அவளுக்குமா?"ன்னு நீ அப்பயும் தடுத்த.

கூடைமேல துணியப் போட்டு வை. வானம் தெரிஞ்சா அது எந்திரிக்கப் பாக்குது.

ஞாயித்துக்கிழம அன்பு வருவா. கூடைய அவ கண்ணுல காட்டாத. பாத்துட்டான்னா, பூனை கடிச்சிடுச்சுன்னு சொல்லு.